உப்பு மாப்பிள்ளையும் வாப்பாவின் ஆமையும்

எங்கள் வாப்பாவின் போட் கற்பிட்டிக்கும் உச்சமுனைத் தீவுக்கும் இடையில் மட்டும்தான் ஓடும். வேறு ஓரிடமும் போகாது. அப்படியிருந்தும், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் வாப்பா, "எங்க போறீங்க?" என்று கேட்பார். எனக்கு வெட்கமாயிருக்கும். உச்சமுனைப் போட்டில் ஏறுகிற ஆள் உச்சமுனைக்குப் போகாமல் கொழும்புக்கா போவார்?

ஆனால் பிள்ளைகளே, ஒருவரும் அவரைத் திருப்பிக் கேலி செய்ததில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறன், ரத்தம் சோதிக்க" என்பார் தீவிலிருந்து வருகிற ஒருவர். "மகள்ட ஊட்டுக்கு, பேரனுக்குச் சுன்னத்து" என்பார் இன்னொருவர். வாப்பா தலையை மட்டும் ஆட்டுவார். ஆஸ்பத்திரிக்காரரைக் குலுக்கல் குறைந்த நடுப்பலகையில் இருத்துவார். பேரனுக்குப் பலகாரம் கொண்டு போகிறவரின் பெட்டியை வாங்கி, அணியத்துக்குள், அதாவது போட்டின் முன்மூக்குக்குள், தண்ணீர் படாத இடத்தில் வைப்பார். பள்ளிக்கூட ஆசிரியர் என்றால் அவருடைய பையைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக் கொடுப்பார். எனக்கு இதெல்லாம் கண்ணில் படும். ஆனால் அந்தக் கேள்விக்கும் இந்த வேலைகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஒருநாளும் தோன்றவில்லை. வாப்பா ஊர்க்கதை சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். உம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"ஊரில உள்ள எல்லாரிட கதையையும் கேக்கிறாரு. ஊட்டுக்கு வந்து ஒரு கதை சொல்றாரா? பின்ன என்னத்துக்குத்தான் கேக்கிறாரோ!" என்று குறைப்படுவார்.

போட்டுக்கு ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. கற்பிட்டித் துறையில் எல்லாருக்கும் அது 'ஆமை'தான். சின்ன எஞ்சின். அதையும் வாப்பா முழுவேகத்தில் விடமாட்டார். களப்பின், அதாவது கரைகளுக்குள் அடங்கிய கடலேரியின், நடுவால் நேரே வெட்டிப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அந்த வழியில் கடல்வாய் இருக்கிறது. வெளிக்கடல் களப்புக்குள் நுழைகிற இடம் அது. அங்கே அலை பக்கத்தால் வந்து அடிக்கும். வாப்பா அதை விட்டு, தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்டல் மரங்களின் ஓரத்தைப் பிடித்துச் சுற்றி, காற்றுக்கு மறைந்து மறைந்து போவார். போட்டின் இரண்டு பக்கமும் உம்மா தைத்துக் கொடுத்த, தண்ணீர் புகாத படங்குச் சீலையை உயர்த்திக் கட்டியிருப்பார். வகுப்பில் என் கூட்டாளிமார், "உங்கட வாப்பா காலையில போனா முட்டை போட்டுப்போட்டுத்தான் வருவாரா?" என்று கேட்பார்கள்.

அணியத்துக்குள் ஒரு வாளியும் இருந்தது. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. அதற்குள் இடுப்பில் உடுத்துகிற ஒரு வெள்ளைச் சாரன், ஒரு சேர்ட், ஒரு துவாய். வேறொன்றும் இல்லை. ஒருமுறை நண்டு போட அந்த வாளியை எடுக்கப் பார்த்தேன். வாப்பா ஏசாத மனிதர். அன்று ஏசினார். "அது ஆக்களுக்கு" என்றார். எந்த ஆட்களுக்கு? நான் பார்த்த காலமெல்லாம் ஒருவரும் அந்தச் சாரனை உடுத்தவில்லை.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மாவின் தம்பி. சிரித்த முகம், கறுப்புக் கண்ணாடி, எப்போதும் ஒரு புதுத் திட்டம். ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல்காரரின் போட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் டொல்பின் காட்டுவதுதான் அவருடைய தொழில். ஆனால் வருடத்தின் நடுவில் சோழகக் காற்று தொடங்கினால் வெளிக்கடல் கொந்தளித்துவிடும். டொல்பின் பார்க்க யாரும் போகமாட்டார்கள். காற்றில் பட்டம் பிடித்துத் தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். அவர்களுக்கு மாமா தேவையில்லை. அந்த வருடம் மாமா சும்மா இருக்கவில்லை. ஹோட்டல்காரரிடம் போட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்கள் துறைக்கே வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் வாப்பாவிடம்தான் வந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"மச்சான், இந்த ஆமைய வித்துப்போட்டு என்னோட சேருங்க. நீங்க ஒருக்கா போய் வார நேரத்துக்குள்ள நான் மூணுதரம் போய் வருவன். மூணு மடங்கு ஆள். யோசிச்சுப் பாருங்க."

"ஓம், யோசிக்கிறன்" என்றார் வாப்பா.

வாப்பா யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று பொருள். மாமாவுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே போய், எங்கள் போட்டுக்குப் பக்கத்திலேயே தன்னுடைய போட்டைக் கட்டினார். நீலமும் வெள்ளையுமாய், மூக்கைத் தூக்கிக்கொண்டு அது நின்ற அழகை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆட்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போனார்கள். முதலில் இளைஞர்கள், பிறகு வியாபாரிகள், பிறகு வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டே மற்றவர்கள். தீவுக்குப் பாண் கொண்டு போகிற பேக்கரிக்காரர் மட்டும் மாறவில்லை. அவருக்கு அவசரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மாறவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை. சில நாட்களில் வாப்பா அவரையும் பாண் பெட்டிகளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். எஞ்சின் வேறு இருமத் தொடங்கியிருந்தது. திருத்த வழியில்லை.

முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்த ஒரு முதலாளி தீனி ஏற்ற ஒரு போட் தேடிக்கொண்டிருந்தார். அவர் வந்து ஆமையைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். போட்டோடு சேர்த்து வாப்பாவுக்கும் பண்ணையில் காவல் வேலை தருவதாகச் சொன்னார். அங்கேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம்.

"ஒரு கலியாணத்துக்கு ஆள் ஏத்தச் சொல்லி வாக்குக் குடுத்திட்டன். அது முடியட்டும், பதில் சொல்றன்" என்றார் வாப்பா. இந்த முறை அவர் யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை. அதுதான் உம்மாவுக்குப் பயமாக இருந்தது. அன்று உம்மா ரொட்டியைக் கருக்கிவிட்டார்.

அந்தக் கலியாணத்தில் பெண் உச்சமுனை. அவளுடைய தகப்பன் தீவில் வலையும் வள்ளங்களும் வைத்திருந்த சம்மாட்டி. மாப்பிள்ளை கற்பிட்டியில் இரும்புச் சாமான் கடைக்காரரின் மகன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே களப்பைக் கடக்க வேண்டும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ்.

"சோழகம் பகலுக்குப் பொறகு ஏறும். காலையோட எல்லாரும் போயிருவம்" என்று வாப்பா கடைக்காரரிடம் சொன்னார்.

"மாப்பிள்ளை அங்க போய் வேர்த்து வழிஞ்சுக்கொண்டு இரிக்கவா? ஒரு எடுப்பு வேணாமா? மகனும் ஆம்புளயளும் உங்கட மச்சான்ட போட்ல வரட்டும். பொம்புளயளுக்கு உங்கட ஆமை போதும்" என்றார் அவர்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு எல்லாரும் துறைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளை ஷெர்வானி, தங்க நூல் வேலை செய்த தலைப்பாகை. ஷெர்வானிக்கு மேல் மாமா ஒரு செம்மஞ்சள் பாதுகாப்பு அங்கியை மாட்டிவிட்டார். டொல்பின் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

நான் எந்தப் போட்டில் ஏறினேன் என்று கேட்கவா வேண்டும்? "வாப்பா, நான் மாமாட போட்ல..." என்று இழுத்தேன். வாப்பா என்னைப் பார்த்தார். "போ மகன். கையால நல்லாப் பிடிச்சுக்கொள்" என்றார். அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் உம்மா ஒரு பெரிய சட்டியில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து இனிக்க இனிக்க அவித்த வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தார். அதை வாப்பாவின் போட்டில் ஏற்றப் போனபோது மாமா பாய்ந்து வாங்கினார். "தாங்க மாமி, அந்தப் போட்ல போனா அடுத்த பெருநாளைக்குத்தான் போய்ச் சேரும்!" எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். சட்டி என் மடிக்கு வந்தது.

ஆமை முதலில் புறப்பட்டது. நாங்கள் பிறகு புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அதை முந்தினோம். மாமா வேண்டுமென்றே பக்கத்தால் போய்க் கை காட்டினார். படங்குச் சீலைக்கு மேலால் பெண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. வாப்பா கண்டல் ஓரமாகத் திரும்பினார். நாங்கள் நடுவால் நேரே விட்டோம். காற்று என் காதில் ஊதியது. உலகத்திலேயே பெரிய மனிதன் நான்தான் என்றிருந்தது.

கடல்வாய்க்கு வந்ததும் முதல் அலை பக்கத்தால் வந்து ஏறியது. கொஞ்சம்தான். எல்லாரும் "ஹோ" என்று சிரித்தார்கள். மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. "வேகமாப் போனா அலைக்கு மேலாலேயே போயிரலாம்!" என்று கத்தினார். வெளிக்கடலில் நாலைந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அது சரியாக இருந்திருக்கும். அன்று போட் நிறையக் கற்பிட்டியின் பாதி ஆண்கள் இருந்தார்கள். போட் அலைக்கு மேலால் போகவில்லை. ஒவ்வொரு அலைக்குள்ளும் மூக்கைக் குத்தி, அதை அப்படியே அள்ளி எங்கள் தலையில் ஊற்றியது. இரண்டாவது அலைக்குச் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாய்க்குள் கடித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை நனைந்த கோழி மாதிரிச் சரிந்தது. நான் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"நானா, திரும்புவமா?" என்று மாப்பிள்ளை மாமாவை அண்ணன் முறை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"வந்த தூரம் கூட, போற தூரம் கொஞ்சம்" என்றார் மாமா. அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் காணவில்லை.

பெண் வீட்டார் இறங்குதுறையில் காத்திருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் போகாமல், மீனவர் வாடிகளுக்குப் பின்னால் போட்டை ஒதுக்கினார். மாப்பிள்ளை ஒரு வாடியின் ஓலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஷெர்வானியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாற்று உடுப்பு இருந்த பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள்ளும் களப்புதான். இந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தம்பி, என் வயதுக்காரன், எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தான். "மாப்பிள்ளை கடல்ல உழுந்திட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினான்.

சம்மாட்டியே வந்துவிட்டார். சிரிப்பை அடக்க மீசையைக் கடித்தார். "மருமகன், போட்ல வந்தீங்களா, நீந்தி வந்தீங்களா?" என்றார். பிறகு, "என்ட சாரன் ஒண்ட அனுப்புறன், உடுத்துக்கொண்டு வாங்க" என்றார்.

கடைக்காரர் துள்ளினார். "வேணாம், வேணாம்! பொண்ணு ஊட்டுச் சாரன உடுத்திக்கொண்டு நிக்காஹ்வுக்கு வந்தவன் எண்டு காலம் பூராச் சொல்லிக் காட்டுவீங்க!"

"அப்ப காயும் மட்டும் நில்லுங்க."

"நிப்பம்!"

அஸர் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன், "வாப்பாட வாளிக்குள்ள ஒரு சாரன் இரிக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் களப்பைப் பார்த்தார்கள்.

ஒரு போட்டுக்காக ஒரு கரை முழுக்கக் காத்து நிற்பதை அன்றுதான் கண்டேன். தூரத்தில், கண்டல் பச்சைக்கு அடியில், ஒரு புள்ளி. அது நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் வேகமா வரமாட்டானா இவன்?" என்று கடைக்காரர் கையைப் பிசைந்தார். மாமா நனைந்த சேர்ட்டைப் பிழிந்து, உதறி, மறுபடி பிழிந்தார்.

ஆமை வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேலையில் மடிப்புக் கலையவில்லை. முகத்தில் பவுடர் போட்டது போட்டபடி. மாப்பிள்ளையின் உம்மா மகனைப் பார்த்து, "அல்லாஹ்வே!" என்று வாயில் கை வைத்தார். வாப்பா வாளியைத் திறந்து துவாயை எடுத்து முதலில் என் தலையைத் துவட்டினார். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"தம்பி, எங்க போறீங்க?"

மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே சிரித்துவிட்டார். "நிக்காஹ்வுக்கு, நானா."

"அப்ப இத உடுத்துங்க."

சேர்ட் அவருக்குத் தோளில் கொஞ்சம் தொங்கியது. சாரன் பழையதுதான், ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படியே நிக்காஹ் நடந்தது. பெண் வீட்டில் வட்டிலப்பத்தை எடுத்து ஒரு வாய் வைத்த பெரியவர் ஒருவர், நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "கற்பிட்டியில வட்டிலப்பத்துக்கு உப்புத்தான் போடுறதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த மாப்பிள்ளைக்கு உச்சமுனையில் பெயர் 'உப்பு மாப்பிள்ளை'. இப்போது அவருக்கு மூன்று பிள்ளைகள். இன்றும் அதுதான் பெயர்.

திரும்பும் நேரம் எல்லாரும் ஆமையில் ஏறப் பார்த்தார்கள். வாப்பா கணக்குக்கு மேல் ஒருவரையும் ஏற்றவில்லை. "மச்சான்ட போட்ல ஏறுங்க. அவர் எனக்குப் பின்னால வருவார். நனையமாட்டீங்க" என்றார். நீலமும் வெள்ளையுமான அந்தப் பெரிய போட், மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, கண்டல் ஓரமாக ஆமைக்குப் பின்னால் வந்தது. நான் வாப்பாவின் போட்டில் இருந்தேன். திரும்பித் திரும்பி மாமாவைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது வாப்பாவிடம் கேட்டேன், "வாப்பா, ஆக்களக் கரையில இறக்கினா நம்மட வேலை முடிஞ்சுதானே? சீக்கிரமா இறக்கினா நல்லந்தானே?"

"அவங்க போற இடம் கரையா, மகன்?" என்றார்.

கரையில்லாமல் வேறென்ன? போட் கரையில்தானே நிற்கும்? வாப்பா களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்து மேலே கேட்கவில்லை.

முந்தல் முதலாளி வந்தபோது வாப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "யோசிக்கிறன்" என்றார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த உம்மா அன்று ரொட்டியைக் கருக்கவில்லை.

எல்லா ஆட்களும் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். காற்று அடங்கிய நாட்களில் இளைஞர்கள் வேகப் போட்டைத்தான் தேடினார்கள். ஆனால் பரீட்சைத் தாள் கொண்டு போகிற ஆசிரியர் வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் வந்தார்கள். களப்புக்கு இரண்டு பக்கமும் கலியாணம் என்றால் முதலில் வாப்பாவிடம் நாள் கேட்டார்கள். பிறகுதான் பள்ளிவாசலில் கேட்டார்கள் என்று மாமா பகிடிக்குச் சொல்வார். எஞ்சின் திருத்தியாயிற்று. அடுத்த சோழகத்துக்கு மாமா போட்டை வாடகைக்கு எடுக்கவில்லை. வாப்பாவோடு சேர்ந்துகொண்டார். இப்போது எங்களுக்கு மூன்று போட். ஒன்றை மாமா ஓட்டுகிறார், ஒன்றை நான். வேகமான எஞ்சினும் வாங்கினோம். காற்றில்லாத நாளில் வேகமாகவே போகிறோம். ஏறுகிறவர்களிடம் "எங்க போறீங்க?" என்று மாமாதான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்பார்.

வேகமான போட்டுகள் அதற்குப் பிறகும் எத்தனையோ வந்தன, போயின. ஆமை மட்டும் எப்படி நிலைத்தது என்று என் மகள் கேட்கிறாள். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை விட்டவன் நான். வியாபாரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சாரனின் கதைதான். அதன் கடைசிப் பகுதியையும் சொல்லி முடிக்கிறேன்.

கலியாணம் முடிந்து சில நாட்களில் உப்பு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். சாரனைத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, அதோடு புத்தம் புதிய சாரன் ஒன்றையும் வைத்துக் கொடுத்தார். வாப்பா புதியதைத் தனக்கு வைத்துக்கொண்டார். பழையதை மடித்து வாளிக்குள் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"புதுசை வாளிக்குள்ள வைங்களேன், வாப்பா. இது ஓரமெல்லாம் நைஞ்சிருக்கு."

வாப்பா மூடியை அழுத்தி மூடினார். "தொண்ணூறில, சண்டைக்குள்ள முஸ்லிம் ஆக்கள ஊர விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம், மன்னாரில இருந்து போட்ல வந்து இந்தக் கரையில இறங்கினன் மகன். உப்புத் தண்ணில ஊறிப்போய், உடுத்திருந்தது ஒண்டுதான். அப்படியே ஊருக்குள்ள போக வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டன். ஒரு ஆள் வந்து இந்தச் சாரனத் தந்தார். உடுத்துக்கொண்டு நிமிர்ந்து பாக்கிறன், ஆளைக் காணல்ல. பேர்கூடக் கேக்கல்ல."

எனக்கு நியாயம் முக்கியம். அடுத்தவர் பொருளை வைத்திருக்கக் கூடாது என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்திருந்தேன்.

"அப்ப இன்னும் திருப்பிக் குடுக்கல்லயா, வாப்பா?"

"குடுத்துக்கொண்டுதானே இரிக்கன்" என்றார் வாப்பா.

நான் வாளியைப் பார்த்தேன். வாப்பாவைப் பார்த்தேன். சாரன் உள்ளேதான் இருந்தது, இப்போதுதான் என் கண்ணெதிரே வைத்து மூடினார். வைத்த பொருளைக் கொடுத்துவிட்டேன் என்கிறாரே, வாப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று உம்மாவிடம் சொல்ல நான் உள்ளே ஓடினேன்.